சோபாவிலிருந்து படிக்க எத்தனை வரி?

1973 செப்டம்பரில் ‘ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்’ என்ற அமெரிக்க மாத இதழின் அட்டையில் ‘டிவி டைப்ரைட்டர்’ என்றொரு கருவி இடம்பெற்றது. வடிவமைத்தவர் டான் லங்காஸ்டர். தட்டுகிற எழுத்தை வீட்டு டிவியில் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. திரைக்கு 16 வரி, வரிக்கு 32 எழுத்து; அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும். நிலையத்தார் அனுப்புவதை மட்டுமே காட்டிக்கொண்டிருந்த பெட்டி வீட்டுக்காரர் எழுதியதையும் காட்டுகிறது என்பதே அன்று பெரிய செய்தி.

அடுத்து வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவும் டிவியையே திரையாக வைத்துக்கொண்டன. மானிட்டர் தனியாக வாங்கக் காசு வேண்டுமே! 1977-ல் வந்த ஆப்பிள் 2 வரிக்கு 40 எழுத்தாக 24 வரி காட்டியது. 1982-ல் வந்த கமடோர் 64 அதைவிட ஒரே ஒரு வரி கூடுதல். அதே ஆண்டு பிரிட்டனில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வரிக்கு 32 எழுத்தோடு நின்றுவிட்டது. முடை டிவியில்தான் இருந்தது. இந்தியாவும் பின்பற்றிய ‘பால்’ முறை ஒளிபரப்பில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது; கண்ணுக்குத் தெரிபவை 576. அவையும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தவணை, இரட்டைப்படைக் கோடுகள் மறு தவணை என்று வரையப்படும். எழுத்தின் மெல்லிய கிடைக்கோடு ஒரே கோட்டில் விழுந்தால் நொடிக்கு 25 முறைதான் ஒளிரும். பார்ப்பவருக்குக் கண் வலிக்கிற அளவுக்குத் துடிக்கும். அதைத் தவிர்க்க இந்தக் கம்ப்யூட்டர்கள் பாதிக் கோடுகளையே பயன்படுத்தின. அதிலும் மேலும் கீழும் ஓரம் விட்டு, மீதியில் ஓர் எழுத்துக்கு எட்டுக் கோடு உயரம் ஒதுக்கினால் கணக்கு 24, 25 வரியில் முடிந்துவிடும். எட்டுப் புள்ளிச் சதுரத்துக்குள் ‘ணை’யை எழுதிப் பார்த்தவர்களுக்குத் தமிழ் ஏன் அந்தத் திரைகளுக்குள் சுலபமாக நுழையவில்லை என்பது புரியும்.

இன்றைய 4கே டிவியில் அந்த முடை கிடையாது. குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 என்று 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். லேப்டாப்பிலிருந்து ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போதும், கம்ப்யூட்டர் திரை அப்படியே டிவிக்கு வந்துவிடும். ஒரு ஏ4 பக்கத்தை முழுசாகத் திறந்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தால் எழுத்து எறும்பு வரிசையாகத் தெரிகிறது. உடனே டிவியைக் குறை சொல்கிறோம். கேபிள் மட்டமானது என்கிறோம். இரண்டும் பெரும்பாலும் நிரபராதிகள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 43 அங்குல டிவியின் திரை உயரம் ஏறக்குறைய 53 செ.மீ. ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. முழுப் பக்கத்தையும் திரைக்குள் அடைத்தால் எழுத்து தாளில் இருப்பதைப்போல 1.8 மடங்கு பெரிதாகும், 2 மி.மீ. எழுத்து 3.6 மி.மீ. ஆகும். ஆனால் தாளை நாம் 40 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறோம், டிவியோ 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. தூரம் ஏழரை மடங்கு கூடும்போது எழுத்து இரண்டு மடங்குகூட வளரவில்லை. கண் மருத்துவர் சுவரில் மாட்டும் அட்டையில் 6/6 பார்வைக்கான வரி இருக்கிறதல்லவா? அந்த அளவுப்படி 3 மீட்டர் தூரத்துக்கு எழுத்து 4.4 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். நம் ஏ4 பக்கத்தின் எழுத்து அதைவிடவும் சிறியது. நல்ல கண் உள்ளவரும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

பிக்சலைக் கூட்டினால் இது தீராது. அதே 43 அங்குலத்தில் சாதாரண ஹெச்டி டிவியின் ஒரு பிக்சல் அரை மி.மீ. அகலம். 3 மீட்டர் தூரத்தில் இயல்பான கண் பிரித்தறியும் குறைந்தபட்ச அளவோ சுமார் 0.87 மி.மீ. ஹெச்டியின் பிக்சலே சோபாவிலிருந்து தெரியாது; எழுத்து சின்னதாக இருப்பதற்கு 4கே மருந்தாகாது. டிவியருகே நாற்காலி போட்டு மானிட்டர் மாதிரிப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கையில் உள்ள புத்தகத்தைப்போலவே சோபாவிலிருந்து நிதானமாகப் படிக்க எழுத்து 15 மி.மீ. உயரம் வேண்டும். வரிக்கு வரி இடைவெளியையும் அதே ஏழரை மடங்கு கூட்டினால் ஒரு வரிக்கு 4 செ.மீ. போகும். 53 செ.மீ. திரையில் 13 வரி. இத்தனை ஆண்டு வளர்ச்சிக்குப் பிறகு, அத்தனை பிக்சல்களையும் வைத்துக்கொண்டு, லங்காஸ்டர் காட்டிய 16 வரிகூட வசதியாக அடங்கவில்லை! அன்று தடுத்தது டிவி, இன்று தடுப்பது தூரம். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மீதி வேலை சுலபம்: பக்கத்தைக் காட்டும் ஆசையை விட்டுவிட்டு வரிகளைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் கோப்பின் வகை முக்கியமாகிறது. இபப் வடிவ நூல்களிலும் இணையப் பக்கங்களிலும் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கி அகலத்துக்குள் அடங்கும். வேர்டில் ‘வெப் லேஅவுட்’டுக்கு மாறினாலும் அதே பலன். 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டத்தின் யூனிகோட் பக்கங்களை பிரவுசரில் திறந்து, கன்ட்ரோலை அழுத்தியபடி கூட்டல் குறியைச் சில தடவை தட்டினால் டிவிக்கு ஏற்ற அளவு வந்துவிடும். பிடிஎஃப் அப்படி வளையாது. அச்சுத் தாளை அப்படியே பிடித்துவைப்பதே அதன் பிறவிப்பயன். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒரே பத்தியாக அமைந்த பிடிஎஃப் என்றால் ‘ஃபிட் விட்த்’ கொடுத்துப் பக்கத்தை மூன்று நான்கு தவணையாக உருட்டிப் படிக்கலாம். ஸ்கேன் செய்த பழைய நூல்களுக்கும் அதே வழிதான்.

எழுத்துப் பெரிதான பிறகும் ஓரம் கலங்கித் தெரிந்தால், அப்போது டிவியைச் சந்தேகிக்கலாம். டிவி முகங்களையும் மைதானங்களையும் காட்டப் பழகியது. படக்குழாய் காலத்தில் படத்தின் விளிம்பு ஒரே சீராக இருக்காது என்பதால் அதைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். இன்றைய தட்டையான டிவியில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பல டிவிகள் பழக்கதோஷத்தில் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. பக்கத்தின் முதல் வரி காணாமல் போவது ஒருபுறம், பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தாமல் எல்லா எழுத்தும் மங்குவது மறுபுறம். ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபுல் பிக்சல்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இதற்கான மாற்று மெனுவில் இருக்கும்.

‘ஷார்ப்னெஸ்’ இன்னொரு வம்பு. கூட்டினால் தெளிவு கூடும் என்று தோன்றும். அது செய்வதெல்லாம் எழுத்தைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு வரைவதுதான். தமிழுக்கு இது கூடுதல் நஷ்டம். தலைமேல் நிற்கும் புள்ளி பிசகினால் ‘பட்டம்’ ‘படடம்’ ஆகிவிடும். ஆகவே குறைத்து வையுங்கள்.

நிறத்தின் கதை வேறு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கவனிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுணுக்கமாகக் கவனிப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்ட டிவிக்காரர்கள் ஆரம்பம் முதலே நிறத் தகவலைச் சிக்கனமாகவே அனுப்பினார்கள். இன்றைய வீடியோக்களிலும் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவல் என்பது சகஜம். கம்ப்யூட்டரிலிருந்து வரும் படத்தையும் சில டிவிகள் இப்படியே சுருக்கிவிடும். வெள்ளையில் கறுப்பு எழுத்து பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஆனால் சாம்பல் பின்னணியில் சிவப்பில் போட்ட திருத்தங்கள் கசிந்து வழியும். சில டிவிகளில் அந்த ஹெச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே போதும், முழு நிறத் தகவலும் வரத் தொடங்கும். பெயர் மாற்றத்தில் காரியம் நடக்கிற அபூர்வமான இடம் இது.

கேபிள் இல்லாமல் மிராகாஸ்ட் வழியாகவும் திரையை அனுப்பலாம். கம்ப்யூட்டர் தன் திரையை வீடியோவாக நெரித்து அனுப்புவதால் பக்கத்தை உருட்டும்போது எழுத்து ஒரு கணம் கலங்கிப் பிறகு தெளியும். தொடர்ந்து படிப்பவருக்குக் கேபிளே உத்தமம். இரவில் முழு வெள்ளைத் திரை கண்ணைக் கூசவைக்கும். கறுப்பில் வெளிர் எழுத்துக்கு மாறலாம். ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் ஒரே பக்கத்தை மணிக்கணக்கில் நிறுத்திவைக்காமல் இருப்பது நல்லது, தடம் பதிந்துவிடக்கூடும்.

கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவர மனமில்லையா? பென் டிரைவில் போட்ட பிடிஎஃபையோ வேர்ட் கோப்பையோ பெரும்பாலான டிவிகள் தாமாகத் திறப்பதில்லை. ஜேபெக் படத்தைத் திறக்கும். வேர்டில் பக்க அளவை 33.9 செ.மீ. அகலம், 19.1 செ.மீ. உயரம் என்று வைத்து, எழுத்தை 28 பாயின்ட் ஆக்கினால், திரைக்குச் சுமார் 13 வரியாக அதுவே பக்கம் பிரித்துக்கொள்ளும். அதை பிடிஎஃப் ஆக்கி, பக்கங்களை ஜேபெக்காக மாற்றி, பென் டிரைவில் ஏற்றினால் ரிமோட்டின் வலது அம்புக்குறிதான் பக்கம் புரட்டும் விரல். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைக்காமல் 001, 002, 003 என்று வையுங்கள். இல்லாவிட்டால் சில டிவிகளில் முதல் பக்கத்துக்கு அடுத்துப் பத்தாம் பக்கம் வந்து நிற்கும்.