கண்டி றக்பியும் ஊதியப் பொருளியலும்: வீரனை உருவாக்குவோர் யார்?

விளையாட்டுக் கழகமொன்றின் செலவினை மூன்றாக வகுத்து நோக்கலாம். வீரனின் உழைப்புக்கு ஈடாகும் ஊதியம் ஒன்று. அவனைப் பிறிதொரு கழகத்தினின்று பெறுதற்குக் கொடுக்கும் மாற்றுக் கட்டணம் மற்றொன்று. சிறுவரைப் பயிற்றி வீரராக்கும் செலவு மூன்றாவது.

இவற்றுள் வெற்றியோடு நெருங்கிய தொடர்புடையது யாது? 1978 முதல் 1997 வரையான காலப்பகுதியில் இங்கிலாந்தின் 40 உதைபந்தாட்டக் கழகங்களை ஆராய்ந்த பொருளியலாளர் ஸ்டெபான் சிமான்ஸ்கி, அவற்றின் தரநிலை வேறுபாட்டில் நூற்றுக்கு 92 பங்கினை ஊதியச் செலவு விளக்குவதாகக் கண்டார். மாற்றுக் கட்டணத்தைத் தனியே நோக்குமிடத்து அது விளக்கியது நூற்றுக்கு 16 பங்கினையே. ஊதியம் திறனை ஒட்டிச் செல்கின்றது. மாற்றுக் கட்டணமோ பல வேளைகளில் ஒரு பருவத்துப் புகழுக்குக் கொடுக்கும் விலையாகிவிடுகின்றது.

இம்முடிவை மட்டும் கொண்டு அமைதல் இயலாது. ஊதியம் பெறும் வீரனை முதலில் உருவாக்கியவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கண்டியின் றக்பி இதற்குத் தக்க சான்றாகும். எல். ஈ. பிளேஸ் 1891 இல் நிறுவிய கிங்ஸ்வூட் கல்லூரியே இலங்கைப் பாடசாலைகளுள் இவ்விளையாட்டை முதலில் மேற்கொண்டது. 1906 இல் அக்கல்லூரியும் திரினிற்றிக் கல்லூரியும் போகம்பரையில் பொருதின. 1874 இல் தோன்றி, நித்தவெல மைதானத்தைக் களமாகக் கொண்ட கண்டி விளையாட்டுக் கழகம் பிற்காலத்தில் பெற்ற வெற்றிகளுக்கு இத்தகைய பாடசாலைகளே அடித்தளமிட்டன.

1995 இல் உலக றக்பி தொழில்முறை ஆட்டத்துக்கு இடமளித்தது. இலங்கையிலோ ஊதியம் பணமாக மட்டும் அமைவதில்லை; பொலிஸ், படைத்துறைக் கழகங்களில் அது நிரந்தரத் தொழிலின் உருவில் வருகின்றது. ஆயின், பயிற்சிச் செலவின் பெரும்பங்கினைப் பாடசாலையும் பெற்றோருமே சுமக்கின்றனர். அதனால் பழம்பெரும் கல்லூரிகளின் வாயிலைக் கடக்கக்கூடியோரே பெரும்பாலும் வீரராகின்றனர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் பாடசாலைகளை அரசு 1970களிலேயே பொறுப்பேற்கத் தொடங்கியது. விளையாட்டுத் திடலுக்கும் வழியற்ற தோட்டப் பாடசாலையில் பயிலும் சிறுவனுக்கு அவ்வாயில் எட்டாதது.

உதைபந்தாட்டத்தில், 2001 ஆம் ஆண்டு விதிகளின்படி, சருவதேச மாற்றுக் கட்டணத்தின் நூற்றுக்கு 5 பங்கு, வீரனை 12 முதல் 23 வயதுவரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிரப்படுகின்றது. மாற்றுக் கட்டணம் முக்கியத்துவம் பெறாத நம் சூழலில், கழகங்களின் ஊதியச் செலவிலிருந்தும் அனுசரணைப் பணத்திலிருந்தும் அத்தகைய பங்கொன்றை ஒதுக்குவதே பொருந்தும். அப்பங்கு முதலில் சேரவேண்டிய இடம், இதுவரை ஒரு வீரனையேனும் அனுப்ப வாய்ப்புப் பெறாத பாடசாலையாகும்.