இரண்டு செக்கன் முன்னேற்றமா?

சென்ற மாத நிகழ்ச்சியில் நான் சொன்ன விடயத்தை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்லன், கணக்காளன். இலக்கங்களை எப்படி வாசிப்பது என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நீரிழிவு நோயால் என் அத்தானின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தி நடைப்பயிற்சி தொடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் ஒரு சோதனை வைத்தார். கதிரையிலிருந்து எழுந்து, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கவேண்டும். அதற்கு எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். 'டைம்ட் அப் அண்ட் கோ' எனப்படும் இச்சோதனை 1991இல் அறிமுகமானது.

முதல்முறை அத்தானுக்கு 24 செக்கன். இரண்டு கிழமை கழித்து 22. "பார்த்தியே, குறைஞ்சிட்டுது!" என்று எல்லோருக்கும் சொன்னார். அன்றிரவே செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, பொல்லை எடுக்காமல் குளியலறைக்குப் போய் விழுந்தார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை.

பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். ஒரே ஆளை, எந்த மாற்றமும் இல்லாமல், இரண்டு நாட்களில் அளந்தாலும் இலக்கம் சற்று மாறும். களைப்பு, எஞ்சிய காலின் வீக்கம், கதிரையின் உயரம் எல்லாம் காரணமாகலாம். காலை இழந்தவர்களிடம் செய்து 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இச்சோதனையில் 3.6 செக்கனாவது மாறினால்தான் அதை உண்மையான மாற்றமாகக் கொள்ளலாம். இரண்டு நிமிட நடைச் சோதனையில் அது சுமார் 34 மீற்றர்.

எங்கள் தொழிலிலும் இப்படித்தான். ஒரு மாதம் மின்கட்டணம் குறைந்தவுடன் செலவு குறைந்துவிட்டது என்று எழுதமாட்டோம். பில் வந்த திகதி மாறியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களில், 19 செக்கனோ அதற்கு மேலோ எடுப்பவர்கள் பல தடவை விழும் அபாயம் கூடியவர்கள் என 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அத்தானின் 24உம் 22உம் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது இப்பயிற்சியில் இருந்தால், ஒவ்வொரு முறையும் இலக்கத்தைக் கேட்டுத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். அன்று போட்ட சப்பாத்தையும் பிடித்த பொல்லையும் எழுதுங்கள். அவை மாறினால் ஒப்பிட முடியாது. எங்களவர் வழக்கப்படி "பரவாயில்லை, சமாளிப்பன்" என்று சொல்லி நோவையும் விழுந்ததையும் மறைக்கவேண்டாம். மறைத்த செலவு கணக்கில் ஒருநாள் வந்தே தீரும்.

ஐந்து மாதம் கழித்து, அதே சப்பாத்து, அதே பொல்லு, 17 செக்கன். "இப்ப கணக்குச் சரி அத்தான்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் இரவில் பொல்லை விடுவதில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.