மணற்பூமியில் மூலிகைச் சாகுபடியும் மண்ணிலுள்ள நற்கிருமிகளும்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலுள்ள கடற்கரைக் கிராமங்களின் பூமி பெரும்பாலும் மணற்பாங்கானது என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. இறைத்த நீர் விரைவில் கீழிறங்கிவிடும். இட்ட எருவின் சத்தும் அதனுடன் கரைந்து போய்விடும். இத்தகைய நிலத்திலும் தாங்கி வளரும் மூலிகை நித்தியகல்யாணி. அதன் இலையிலிருந்து புற்றுநோய்க்குரிய மருந்துகளும், வேரிலிருந்து அஜ்மலிசின் என்னும் மருந்துச் சத்தும் எடுக்கப்படுகின்றன. ஆயினும் விதை சரிவர முளையாமலோ, முளைத்த நாற்று அழுகியோ போகுமாயின், விதைக்குக் கொடுத்த பணமும் பட்ட பாடும் வீணாகும்.

கிருமி என்றவுடன் வியாதியே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் மண்ணில் வாழும் கிருமிகளிற் பல பயிருக்கு உற்ற துணையாவன. உளுந்து, அவரை முதலிய பயிர்களின் வேர்முடிச்சுகளில் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் இனத்தை 1888-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்துப் பெயரிங்க் என்ற சாஸ்திரியார் பிரித்தெடுத்தார். நித்தியகல்யாணிக்கு அத்தகைய முடிச்சுகள் இல்லை. எனினும், வேரைச் சுற்றி வாழும் அசோஸ்பைரில்லம் என்னும் கிருமி நைட்ரஜனைச் சேர்ப்பதோடு, வேர் கிளைப்பதற்குரிய பொருள்களையும் சுரக்கிறது. சூடோமோனாஸ் என்பதோ நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சணங்களை அடக்கிவைக்கிறது.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைச் சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரிகள் 2007-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி நாம் கவனிக்கத்தக்கது. நீரைக் குறைத்து வளர்த்த நித்தியகல்யாணிச் செடிகளுக்குச் சூடோமோனாஸை அளித்தபோது, அளிக்கப்படாதவற்றைவிடச் செடியின் எடையும் அஜ்மலிசினும் மிகுந்தன. நீர் நில்லாத நம் மணலுக்கு இது பயனுள்ள செய்தியன்றோ?

இதனைக் கையாளும் முறை எளிது. விதை கிலோவுக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் தூளை, நன்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் விரவி, விதைமேல் படியச் செய்க. அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைத்துவிடுக. இவ்விதை இருளில் நன்கு முளைக்குமாதலால், சலித்த எருவும் மண்ணும் கலந்து மெல்லிதாக மூடுதல் வேண்டும். அசோஸ்பைரில்லத்தை மக்கிய தொழுவுரத்துடன் கலந்து பாத்தியில் இடலாம். இவை உயிருள்ள பொருள்கள். வெயிலில் வைத்தாலும், இரசாயனப் பூஞ்சணக்கொல்லியுடன் கலந்தாலும் மடிந்துபோகும். மக்கிய எருவற்ற வெறும் மணலில் இட்டால் ஆகாரமின்றிக் குன்றிவிடும். ஆகையால் எருவுக்குப் பதிலாக இவற்றைக் கருதலாகாது. பொட்டலத்தின்மீது குறித்த தவணை கடந்ததை வாங்கலும் கூடாது.

சங்கத்தின் பொதுப் பணத்தில் ஒரேயடியாக வாங்கி யாவருக்கும் வழங்குமுன், ஓர் அங்கத்தினரின் நிலத்தில் சோதித்துப் பார்த்தலே விவேகம். அருகருகே இரு பாத்திகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் 100 விதைகளை ஊன்றுக. ஒன்றில் கிருமி சேர்த்த விதை, மற்றதில் சேராத விதை. எருவும் நீரும் இரண்டிற்கும் சமமே. முளைத்தவை எத்தனை, ஒரு மாதத்தில் பிழைத்தவை எத்தனை என எண்ணிச் சங்கப் புத்தகத்தில் பதிந்து, அடுத்த கூட்டத்தில் யாவருக்கும் வாசித்துக் காட்டுக. விளைபொருளை வாங்குவோரையும் முன்னரே விசாரித்து உறுதி செய்துகொள்க. இச்செடி விஷத்தன்மை உடையது. வீட்டு வைத்தியத்திற்கு ஒருபோதும் உட்கொள்ளலாகாது.