இருபது நிமிடக் கண்ணாடிக் குழாய்

பாம்பு கடித்தால் இதயம் நின்றுவிடும் என்றுதான் ஊரில் பேச்சு. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துபவை. நெல்வயல் வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியன் கதை வேறு. பெரும்பாலும் அது இதயத்தை விட்டுவிட்டு, ரத்தத்திலும் ரத்தக்குழாயிலும் கை வைக்கிறது.

ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றையடுத்து ஒன்று விழிக்க வேண்டும். வரிசையின் நடுவே இருக்கும் பத்தாம் காரணியை இந்த விஷம் நேரடியாகவே எழுப்பிவிடும். உடம்பெங்கும் தேவையில்லாமல் உறைதல் நடந்து, சில மணி நேரத்தில் உறைகட்டிக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தீர்ந்துபோகும். அப்புறம் ஈறு கசியும், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது, சிறுநீர் சிவக்கும். உறைய வைத்தே உறையவிடாமல் செய்யும் விஷம் இது. இந்த நிலையில் கடிவாயைக் கீறிவிடுவது கொலைக்குச் சமம். ஆனால், 1934-ல் மேக்ஃபார்லேன் என்ற மருத்துவர், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தப்போக்கை நிறுத்த இதே விஷத்தை நீர்க்கவைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்!

உறைகிறதா இல்லையா என்று பார்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்க்கிறார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக வழிந்தால் உடனே விஷமுறிவு மருந்து. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். அதன் பரப்பில் பட்டுத்தான் உறைதலே தொடங்குகிறது. பிளாஸ்டிக் குழாயும் சோப்புத்தூளில் கழுவிய குழாயும் நல்ல ரத்தத்தைக்கூட உறையாததாகக் காட்டிவிடும்.

இன்னொரு ஆபத்து, பலர் கவனிக்காதது. சிலருக்குக் கண்ணிமையும் கன்னமும் உப்பிக்கொள்ளும். நுண்குழாய்ச் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தம் சரியும், நாடி படபடக்கும், சிறுநீரகம் காயும். இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது. இறைக்கத்தான் போதுமான ரத்தமில்லை. சலைனை ஏற்றிக்கொண்டே போனால் அது நுரையீரலில் போய்த் தேங்கும். மருத்துவருக்கு இதுதான் கத்திமேல் நடை.

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துத் தர, அதைக்கொண்டு குதிரைகளில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் அது முறிக்கும். தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனை ஈரல்தான் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மருந்து ஏற்றிய கையோடு அடுத்த சோதனை செய்யாமல் 6 மணி நேரம் காத்திருப்பது அதனால்தான்.