கரும்பலகை ஓரம் – 9: ஜாயின் பண்ணிய அன்றே டிரான்ஸ்பர்

வேலைக்குச் சேர்ந்த அன்றே, வெளியூர் ஆசிரியர்கள் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் எப்போது கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசுப் பள்ளிகளில் இது பல வருடக் கதை. தெற்கே காலியிடம் குறைவு, வடக்கே அதிகம். திருநெல்வேலிக்காரருக்கும் கன்னியாகுமரிக்காரருக்கும் முதல் நியமனம் இந்தப் பக்கம் விழும்; மாவட்ட மாறுதல் கலந்தாய்வில் இடம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயதான அப்பா அம்மாவை நாகர்கோவிலில் விட்டுவிட்டு எத்தனை வருடம் இருப்பது?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துத் திருவக்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும். கல்மரப் பூங்காவுக்கும் ஆள் வரும். வந்தவர்கள் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். இந்த மாதிரி ஊர்களில் வேலை பார்க்கும் வெளியூர் ஆசிரியர்களும் பெரும்பாலும் டவுனில்தான் வீடு பிடிக்கிறார்கள். போலீஸுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டத் தெரிந்த அரசுக்கு ஆசிரியருக்கும் கட்ட ஏன் தோன்றவில்லையோ!

சம்பளத்திலும் ஒரு முள். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யச் சொல்லி 2018-லும் 2022-லும் 2023-லும் சென்னை டி.பி.ஐ. கல்வித் துறை வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஊர்விட்டு ஊர் வந்து வாடகையும் கொடுப்பவருக்கு அந்த 3,170 ரூபாய் வித்தியாசம் இன்னும் உறைக்கும்.

மாறுதலில் போகிறவர் ஒருவர்தானே என்று விட முடியாது. 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் தருவதே இரண்டு ஆசிரியர்கள்தான். ஒருவர் ரிலீவ் ஆனால் மிச்சமிருப்பவருக்கு ஐந்து வகுப்பு. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்து, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப்போட்டு, நடுவே செல்போனில் எமிஸ் வருகைப் பதிவு. அன்று பார்த்து சி.ஆர்.சி. (குறுவள மையக்) கூட்டமும் இருக்கும்.

ஆனால் அரசின் கவனமெல்லாம் ஆளெடுக்கும் வாசலிலேயே நிற்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு போய் 2012 ஜூலையில் முதல் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதியதில் தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை. பிறகு வெயிட்டேஜ் மதிப்பெண். 2018-ல் அதை எடுத்துவிட்டு, டெட்டுக்கு மேலே இன்னொரு போட்டித் தேர்வு என்று அரசாணை. இத்தனை சல்லடையில் சலித்து எடுத்தவரை ஐந்து வருடம் ஓரிடத்தில் இருத்திவைக்க என்ன ஏற்பாடு? கூடுதல் வாடகைப்படி தரலாம். இத்தனை வருடம் இருந்தால் மாறுதல் நிச்சயம் என்று எழுதிக் கொடுக்கலாம்.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 தற்காலிக இடங்களை நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். பக்கத்தில் குடியிருப்பவருக்கு முன்னுரிமை. அதாவது, அதே ஊரில் இருந்து பாடம் நடத்தக் கூடியவருக்குத்தான் இந்தச் சம்பளம். நிரந்தர ஆசிரியர் வந்ததும் இந்தத் தற்காலிக ஆசிரியர் வீட்டுக்குப் போக வேண்டும். வந்தவரோ அடுத்த கலந்தாய்வுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பார்.

(அடுத்த வாரம்: பணியில் இருப்பவர்களும் டெட் எழுத வேண்டும் என்ற 2025 செப்டம்பர் தீர்ப்பு)