எத்தனை மாடி கட்டலாம்? முடிவு செய்வது வாடகை அல்ல, அடிமண்!

பென்னலூர்:

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் இருந்து ஒரகடம் வரை எந்த தெருவுக்குள் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு மேலே மாடி ஏறிக்கொண்டு இருக்கிறது. கம்பெனி வேலைக்கு வரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் தங்க இடம் வேண்டும். "இன்னும் ஒரு மாடி போட்டா மாச வாடகை வருமே" என்ற கணக்கில் கடன் வாங்கி கட்டுகிறார்கள். ஆனால் எத்தனை மாடி என்பதை வாடகை கணக்கு மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஆபத்து. அது ஏன்? விவரம் வருமாறு:-

ஒரு தளம் எத்தனை டன்?

8 சதுரம், அதாவது 800 சதுர அடி வீட்டுக்கு 5 அங்குல கனத்தில் தளம் போட்டால் அந்த காங்கிரீட் மட்டுமே சுமார் 23 டன். அதன் மேல் சுவர், டைல்ஸ், கட்டில், பீரோ, ஆட்கள் என்று சேர்த்தால் இது 2 மடங்கை தாண்டிவிடும். 1,000 லிட்டர் தண்ணீர் தொட்டி நிரம்பினால் அதுவே ஒரு டன். இத்தனையும் பில்லர் வழியாக இறங்கி கடைசியில் மண்ணு மேலதான் உட்காருகிறது.

களிமண் தரை மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஏரி, குட்டையை ஒட்டி மண் கொட்டி உயர்த்திய மனை என்றால் அது மெதுவாக இறங்கும். ஒரே தெருவில் 2 மனைக்கு மண் வேறாக இருக்கலாம். அதனால் "பக்கத்து வீட்டுக்காரர் 3 மாடி கட்டலையா?" என்று கேட்பது சரியான கணக்கு இல்லை.

நீட்டி நிற்கும் கம்பி

நிறைய வீடுகளில் பின்னாடி மாடி எடுக்கலாம் என்று பில்லர் கம்பியை மேலே நீட்டி விட்டிருப்பார்கள். அது பல வருஷம் மழையில் நனைந்து துருப்பிடித்து மெலிந்து போகும். கம்பி நீட்டி இருக்கிறது என்பதால் மட்டும் வீடு மாடி தாங்கும் என்று அர்த்தம் இல்லை. கீழே கடைக்கால் எத்தனை மாடிக்கு போட்டது என்பதே கேள்வி. பில்லரே இல்லாமல் செங்கல் சுவர் தாங்கும் பழைய வீடு என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

61 பேர் பலி

போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டு இருந்த 11 மாடி கட்டிடம் 2014-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி மாலை மழையில் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். செத்தவர்கள் பிழைப்பு தேடி வந்த கட்டிட தொழிலாளர்கள். தூண்களின் வடிவமைப்பில் குறை இருந்ததை நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். பக்கத்திலேயே நின்ற இன்னொரு கட்டிடம் 2016-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி வெடி வைத்து தகர்க்கப்பட்டது.

வல்லம் வடகாலில்...

உயரமாக கட்டுவதே தப்பு என்பது இல்லை. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய குடியிருப்பை 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். செலவு ரூ.706 கோடியே 50 லட்சம். 10 மாடி உயரத்தில் 13 கட்டிடங்கள். ஒவ்வொன்றிலும் 240 அறை, அறைக்கு 6 பேர். மொத்தம் 18 ஆயிரத்து 720 பேர் தங்கலாம். இதையே 2 மாடியில் கட்டினால் 13-க்கு பதில் 65 கட்டிடம் வேண்டும். அத்தனை நிலத்துக்கு எங்கே போவது? ஆனால் இதற்கு 10 மாடி என்பதை முதலிலேயே முடிவு செய்து கடைக்கால் போடப்பட்டது. வீட்டு மேல் வீடாக ஏற்றிக்கொண்டு போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி, 18.30 மீட்டர் உயரத்தை தாண்டினால் அது உயரமான கட்டிடம். தீயணைப்பு துறை சான்று வரைக்கும் தேவை. அதற்கு உட்பட்ட சாதாரண கட்டிடத்துக்கு, எல்லா தளமும் சேர்த்து மனை அளவை போல் 2 மடங்கு கட்டலாம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை என்றால் 2,400 சதுர அடி. நாலு பக்கமும் இடம் விட்டு தளத்துக்கு 800 சதுர அடி கட்டினால் 3 தளத்தோடு கணக்கு முடிந்தது. முன்னால் இருக்கும் ரோட்டின் அகலத்தையும் பார்ப்பார்கள்.

2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைதளமும் முதல் மாடியும் கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி வாங்கும் திட்டம் 2024-ம் ஆண்டு ஜூலையில் வந்தது. சுயசான்று என்பதால் கட்டிடத்துக்கு பொறுப்பு நீங்கள்தான்.

கடைக்கால் தோண்டும் முன்...

* மண் பரிசோதனை செய்யுங்கள். அந்த செலவு ஒரு மாடி செலவில் சின்ன பங்குதான்.

* இன்றைக்கு ஒரு தளம்தான் கட்டப்போகிறீர்கள் என்றாலும், பின்னாடி 2 மாடி எண்ணம் இருந்தால் என்ஜினீயரிடம் முதலிலேயே சொல்லி வரைபடம் வாங்குங்கள்.

* அந்த வரைபடத்தை பத்திரத்தோடு சேர்த்து பத்திரமாக வையுங்கள். 10 வருஷம் கழித்து மாடி எடுக்கும்போது வீட்டுக்கு கீழே என்ன இருக்கிறது என்று அதுதான் சொல்லும்.

* பழைய வீட்டு மேல் மாடி போடுவதாக இருந்தால் மேஸ்திரி சொல்வதோடு நிறுத்தாமல், என்ஜினீயரை வரவழைத்து கடைக்காலை ஒரு இடத்தில் தோண்டி பார்க்க சொல்லுங்கள்.

சுவரை இடித்து கட்டலாம், தளத்தை கூட மாற்றி போடலாம். வீடு கட்டி முடித்த பிறகு கடைக்காலை மாற்றுவது லேசில் நடக்காது. அந்த மாடியில் வாடகைக்கு வந்து படுத்து தூங்கப்போவதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.