அடுத்த சண்டையில் ஜெயிப்பது யார்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா!



சண்டை என்றாலே நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனி ஈர்ப்புதான். பொங்கல் சமயத்தில் எருது விடும் விழா என்றால், எந்த ஊர் மாடு முந்தும் என்று டீக்கடையில் ஒரு வாரம் முன்பே விவாதம் தொடங்கிவிடும். கபடி என்றால் கேட்கவே வேண்டாம். வடசென்னையில் ஒரு காலத்தில் பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து குத்துச்சண்டை போட்டார்கள் என்பதை 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ படம் பார்த்தவர்கள் அறிவார்கள். உலக சாம்பியனாக இருந்த முகமது அலியே 1980-ல் சென்னைக்கு வந்து கண்காட்சிச் சண்டை போட்டுக் காட்டியிருக்கிறார்.

இன்றைக்கு நம் விடுதியில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டை. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வருகிறது. அதனால் சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஒரே கேள்விதான்: “நாளைக்கு யாருடா ஜெயிப்பான்?” ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறோம். அந்தப் பதிலை எப்படிச் சொல்ல வேண்டும், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலப்புச் சண்டை என்றால் என்ன?

குத்துச்சண்டையில் கை மட்டும்தான். மல்யுத்தத்தில் அடி கிடையாது. கலப்புச் சண்டையில் குத்தலாம், உதைக்கலாம், தூக்கிக் கீழே போடலாம், தரையில் வைத்துக் கழுத்தையோ கையையோ பூட்டுப் போடலாம். பூட்டு தாங்கவில்லை என்றால் எதிராளியைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும்.

யு.எஃப்.சி. என்ற நிறுவனம் தன் முதல் போட்டியை 1993 நவம்பர் 12-ம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தியது. எட்டுப் பேர், ஒரே ராத்திரி, எடைப் பிரிவே கிடையாது. பெரிய உடம்புக்காரர்கள் பலர் இருக்க, சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில்காரர் மூன்று பேரையும் வரிசையாக வென்று பட்டம் பெற்றார். தரையில் பூட்டுப் போடும் கலையை மற்றவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை என்பதே காரணம். ஆளைப் பார்த்து எடை போடக் கூடாது என்பதற்கு முதல் நாளிலேயே பாடம் கிடைத்துவிட்டது!

இப்போது எடைப் பிரிவு உண்டு. சாதாரணச் சண்டை 5 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, பட்டச் சண்டை 5 ரவுண்டு. யாரும் விழவில்லை என்றால் மூன்று நடுவர்கள் மார்க் போடுவார்கள். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9.

மாடு பிடிப்பவர் பார்ப்பதைப் போல

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் தரகர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். சண்டைக்காரரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கச் சொல்வது ஐந்து விஷயங்கள்.

1. யாரை ஜெயித்தார்? எத்தனை ஜெயித்தார் என்பது அதற்கு அப்புறம்தான். ஏழு பேரை ஜெயித்தவர் என்றால் அந்த ஏழு பேரின் தரம் என்ன என்று கேட்க வேண்டும்.

2. எப்படி ஜெயித்தார், எப்படித் தோற்றார்? நின்று அடிப்பவரா, தரைக்கு இழுப்பவரா? பூட்டில் தோற்றவர் மறுபடியும் பூட்டில் தோற்க வாய்ப்பு அதிகம்.

3. இருவர் பாணியும் மோதினால் என்ன ஆகும்? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வாங்கிய ரோண்டா ரவுசி, 12 சண்டைகளில் தோல்வியே காணாதவர். 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹாலி ஹோமை எதிர்த்தார். ஹோம் பழைய குத்துச்சண்டை சாம்பியன். கிட்ட வந்து பிடித்தால்தான் ரவுசிக்கு வேலை. ஹோம் பெரும்பாலும் கிட்ட வரவிடவில்லை. 2-வது ரவுண்டில் தலையில் ஒரு உதை, கதை முடிந்தது.

4. உடம்பு. வயது, கை நீளம், கடைசியாக எப்போது அடி வாங்கி விழுந்தார் என்பதெல்லாம் இதில் அடங்கும். எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள். அதற்காக உடம்புத் தண்ணீரை வற்றவைத்துப் பல கிலோ குறைப்பார்கள். குறைக்க முடியாமல் திணறியவர் மறுநாள் மூச்சு வாங்குவார்.

5. எத்தனை நாள் தயாரானார்? வேறொருவர் காயப்பட்டு, கடைசி நேரத்தில் கூப்பிட்டு வந்தவரா என்று பார்க்க வேண்டும்.

நம்ம ஆள் என்றால்?

இங்கேதான் கணக்கு தடுமாறுகிறது. 2017 நவம்பரில் ஷாங்காயில் பாரத் கண்டாரே யு.எஃப்.சி.யில் இறங்கினார். ஆனால் சீனாவின் சாங் யாடோங் முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பூட்டில் முடித்துவிட்டார்.

அடுத்து உத்தரகண்ட் மாநிலத்து அன்ஷுல் ஜூப்ளி. 2023 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ஜெகா சராகியை 2-வது ரவுண்டில் வென்று ஒப்பந்தம் பெற்றார். அவர் கணக்கில் வெற்றி 7, தோல்வி 0. அதே ஆண்டு அக்டோபர் 21-ல் அபுதாபியில் எதிராளி மைக் பிரீடன். பிரீடன் அதற்கு முன் யு.எஃப்.சி.யில் மூன்று சண்டை போட்டு மூன்றிலும் தோற்றவர். தாளில் பார்த்தால் நம்ம ஆளுக்கு லட்டு மாதிரி தெரியும். நடந்தது என்ன? 3-வது ரவுண்டில் ஜூப்ளி நாக்-அவுட். முதல் விஷயத்தைத் திரும்பப் படியுங்கள்: பிரீடன் தோற்றது யு.எஃப்.சி. தரத்து ஆட்களிடம், ஜூப்ளி ஜெயித்ததோ அந்தத் தரத்துக்கு வெளியே. ஆக 7-0 என்பதும் 0-3 என்பதும் ஒரே தராசில் நிறுத்த எண்களே அல்ல. 2025 பிப்ரவரியில் சிட்னியில் குவிலன் சால்கில்டிடம் ஜூப்ளி 19 விநாடியில் வீழ்ந்தார்.

உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர் கதை வேறு. வூஷு வீராங்கனை. 2024 ஜூன் 8-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிரேசிலின் ரயானே டோஸ் சாண்டோஸை வென்று, யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியர் ஆனார். அந்த மார்க்கைப் பாருங்கள்: ஒரு நடுவர் 30-27 என்று பூஜாவுக்கு, இன்னொருவர் 27-30 என்று எதிராளிக்கு, மூன்றாமவர் 29-28 என்று பூஜாவுக்கு. கிட்ட உட்கார்ந்து பார்த்த இரண்டு நடுவர்களே மூன்று ரவுண்டுக்கும் நேர் எதிராக மார்க் போட்டிருக்கிறார்கள். நடந்து முடிந்ததிலேயே இவ்வளவு சந்தேகம் என்றால், நடக்கப் போவதை நூற்றுக்கு நூறு என்று எப்படிச் சொல்வது? அடுத்த 2025 மார்ச் சண்டையில், லண்டனில் ஷானா பேனன் அவரைக் கைப்பூட்டில் தோற்கடித்தார். நின்று அடிப்பவருக்குத் தரையில் ஆபத்து என்ற இரண்டாவது விஷயம் இங்கே பொருந்துகிறது.

‘யார்’ என்பதை விட ‘எத்தனை சதவீதம்’

எனவே, “இவன்தான்” என்று சொல்வதை விட்டுவிட்டு “இவனுக்கு 70 சதவீதம்” என்று சொல்லப் பழக வேண்டும். மழை வரும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்வதில்லையா, அதுபோல.

செஸ் விளையாட்டில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆர்பட் எலோ என்ற பேராசிரியர் வகுத்தது. நம் விஸ்வநாதன் ஆனந்த், குகேஷ் எல்லோருக்கும் உள்ள புள்ளிகள் இந்த முறைப்படி வந்தவையே. இரண்டு பேரின் புள்ளி வித்தியாசத்தை 400-ஆல் வகுக்க வேண்டும். 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கூட்ட வேண்டும். 1-ஐ அந்தத் தொகையால் வகுத்தால் குறைந்த புள்ளிக்காரரின் வாய்ப்பு வரும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 100 என்றால் பெரியவருக்கு 64 சதவீதம். 200 என்றால் 76. 400 என்றால் 91. ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். பலசாலியை ஜெயித்தால் நிறைய ஏறும், சோதாவை ஜெயித்தால் கொஞ்சம்தான்.

கலப்புச் சண்டைக்கு இது ஓரளவுதான் உதவும். செஸ்காரர் வருடத்தில் எத்தனையோ ஆட்டம் ஆடுகிறார். சண்டைக்காரர் இரண்டு மூன்றுதான் போடுகிறார். லேபில் ஒரே ஒரு ரீடிங் எடுத்துவிட்டு கிராஃப் போட்டால் சார் ஒத்துக்கொள்வாரா?

நம் கணிப்புக்கு மார்க் போடுவது எப்படி?

கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950-ல் ஓர் எளிய வழி சொன்னார். ஜெயித்தால் 1, தோற்றால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன வாய்ப்பை அதிலிருந்து கழித்து வர்க்கப்படுத்துங்கள். 70 சதவீதம் என்று சொல்லி அவர் ஜெயித்தால், 0.3-ன் வர்க்கம் 0.09. தோற்றால் 0.7-ன் வர்க்கம் 0.49. பல சண்டைகளுக்குச் சராசரி எடுங்கள். குறையக் குறைய நல்லது. எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி என்று சொல்லும் ஒன்றும் தெரியாதவருக்கும் 0.25 கிடைக்கும்.

இப்போது ஒரு வேடிக்கை. ஒருவன் ஒவ்வொரு தடவையும் “நூறு சதவீதம்டா!” என்கிறான். 10-ல் 7 சரியாகிறது. நாம் கைதட்டுகிறோம். அவன் சராசரி என்ன? தப்பான மூன்றுக்கும் 1 வீதம், பத்தால் வகுத்தால் 0.30. ஒன்றும் தெரியாதவரை விட மோசம்! அதே ஆட்களையே தேர்ந்தெடுத்து, அடக்கமாக “70 சதவீதம்” என்று சொன்னவனுக்கு 0.21. ஆள் தெரிந்திருப்பது ஓர் அறிவு; தனக்கு எவ்வளவு தெரியும் என்று தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய அறிவு.

தரகு யாருக்கு?

இனிமேல் சொல்லப் போவதுதான் நமக்கு முக்கியமானது. பந்தயம் நடத்துகிறவர் ஒருவருக்கு 1.25 என்றும், எதிராளிக்கு 4.00 என்றும் விலை போடுகிறார் என்று வைப்போம். 100 ரூபாய் கட்டினால் 125 அல்லது 400 திரும்ப வரும் என்று அர்த்தம். 1-ஐ 1.25-ஆல் வகுத்தால் 80 சதவீதம். 1-ஐ 4-ஆல் வகுத்தால் 25 சதவீதம். கூட்டுங்கள், 105! நூறுக்கு மேல் இருக்கும் அந்த 5 யாருடையது? தரகருடையது. சந்தையில் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசும் தரகராவது மாட்டை நம் கையில் பிடித்துக் கொடுக்கிறார். இங்கே கயிறு கூட மிஞ்சாது.

“பலசாலிகளாகப் பார்த்து ஐந்து பேர் மேல் சேர்த்துக் கட்டினால் தப்பாதுடா” என்பார்கள். ஒவ்வொருவருக்கும் 80 சதவீதம் என்றால் ஐவரும் ஜெயிக்க வாய்ப்பு 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை 0.33. அதாவது மூன்று தடவையில் இரண்டு தடவை பணம் போய்விடும். 1990 பிப்ரவரி 11-ல் டோக்கியோவில், 37 சண்டையில் தோல்வி அறியாத மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் 10-வது ரவுண்டில் வீழ்த்தினார். டக்ளஸுக்கு இருந்த விலை 42-க்கு 1, அதாவது சுமார் 2 சதவீதம். இரண்டு சதவீதம் என்பது பூஜ்யம் அல்ல நண்பர்களே!

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன் முதலில் 50 ரூபாய் கட்டினான், கொஞ்சம் வந்தது. போனதைப் பிடிக்க 500 கட்டினான். கடைசியில் வீட்டில் ஆடு விற்று அனுப்பிய பரீட்சைக் கட்டணம் போனது. சண்டையைப் பற்றி அவனுக்கு நம் எல்லோரையும் விட அதிகம் தெரியும் என்பதுதான் வருத்தம். நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. செமஸ்டருக்கு வருகிற பணத்துக்குப் பின்னால் எத்தனை நாள் கூலி இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

தமிழக அரசு ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும், தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே வேண்டாம் என்கிறதே!

நோட்டுப் போதும்

ஆகவே நான் சொல்லும் யோசனை இதுதான். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். சண்டைக்கு முன்பே பெயர், சதவீதம், காரணம் மூன்றையும் எழுதி வையுங்கள். முடிந்த பிறகு திருத்தக் கூடாது. 30 சண்டை ஆனதும் அறை நண்பர்கள் எல்லோரும் சராசரி போட்டுப் பாருங்கள். குறைந்த மார்க் எடுத்தவருக்கு மற்றவர்கள் ஒரு டீ, இரண்டு போண்டா வாங்கித் தரட்டும். அதற்கு மேல் பந்தயம் வேண்டாம். கணக்கும் வரும், சண்டையும் ருசிக்கும், பணமும் பத்திரமாக இருக்கும். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்புக் கிடைக்காதவர்கள் இதையே ஒரு சின்ன புரோகிராமாக எழுதினாலும் குற்றமில்லை!

அடுத்த ஞாயிறு யார் ஜெயிப்பார் என்று கேட்டால், இனி “எத்தனை சதவீதம்?” என்று திருப்பிக் கேளுங்கள். வாழ்க வளமுடன்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், எலெக்ட்ரிகல் பிரிவு, கடத்தூர்.